கணையத்துக்கு ஓய்வு கொடுக்கிற ஊசி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் திருவேற்காட்டிலிருந்து போன் செய்தார். குரலிலேயே பதற்றம். "டீச்சர், மச்சானை ஆஸ்பத்திரியில சேர்த்து மூணு நாள் ஆவுது. கணையத்துல அழற்சின்னு சொல்றாங்க. எங்க பெரியப்பா அந்தக் காலத்து கம்பவுண்டரு. அட்ரோபின் ஊசி போட்டா நரம்பு அடங்கும், கணையத்துக்கு ஓய்வு கிடைக்கும், இவங்களுக்கு அதுகூடத் தெரியல, சும்மா பாட்டில் ஏத்திக்கினு இருக்காங்கன்னு சண்டை போடறாரு. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துங்கன்றாரு. என்ன டீச்சர் பண்றது?"

அந்த ஒரு காரணத்துக்காக மாற்றாதீர்கள் என்று சொன்னேன். அந்த ஊசியை டாக்டர்கள் மறந்துபோய் விடவில்லை, சோதித்துப் பார்த்துத்தான் விட்டார்கள் என்றும் சொன்னேன். முழுக் கதையையும் போனில் சொல்ல முடியவில்லை. நம் வேலப்பன்சாவடியில் மெயின் ரோட்டுக்கு வந்தால் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆஸ்பத்திரி. அதனாலேயே நம் வீடுகளில் மூன்றாம் நாள் ஆனால் 'மாத்திடலாமா' என்ற பேச்சு வந்துவிடுகிறது. படுத்திருப்பவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று யாரும் நினைப்பதில்லை.

நான் டாக்டர் இல்லை. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள், அவ்வளவுதான். ஆனால் என் அக்கா மகன் இதே கணையத்தால் 4 வருடம் பட்ட பாட்டில் கூடவே இருந்ததால், கேட்டும் படித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. நீளம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், எடை 100 கிராமுக்குள். இவ்வளவு சின்ன உறுப்பு ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை செரிமான நீர் சுரக்கிறது. இன்சுலினும் இங்கிருந்துதான் வருகிறது. புரதம், கொழுப்பு, மாவு மூன்றையும் கரைக்கும் நொதிகள் அந்த நீரில் இருக்கின்றன. கறியையே கரைக்கிற நொதி தன்னைத் தயாரித்த கணையத்தை ஏன் கரைக்கவில்லை என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி. கத்தியை உறையில் போட்டு அனுப்புவது மாதிரி, கணையம் தன் நொதிகளைச் செயல்படாத நிலையில்தான் அனுப்புகிறது. சிறுகுடலுக்குப் போன பிறகுதான் உறை கழற்றப்படும்.

பித்தப்பைக் கல் வந்து குழாயை அடைத்தாலோ, குடியாலோ, ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு மிக அதிகமானாலோ, சில சமயம் காரணமே தெரியாமலோ, கணையத்துக்குள்ளேயே உறை கழன்றுவிடுகிறது. தன் நீரே தன்னைத் தின்ன ஆரம்பிக்கிறது. 1896-இல் ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் இதைச் சொன்னார். மேல்வயிற்றில் ஆரம்பிக்கும் வலி முதுகுக்கு ஊடுருவும். நிமிர்ந்து படுக்க முடியாது, முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்றிருக்கும். கூடவே விடாத வாந்தி.

இப்போது அந்தப் பெரியப்பா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது பிதற்றல் இல்லை. ஒரு காலத்தில் உலகம் முழுவதும் பெரிய டாக்டர்களே அப்படித்தான் செய்தார்கள்.

பாவ்லோவ் என்றதும் உங்களுக்கு மணியும் நாயும் ஞாபகம் வரும். அதற்கு முன்பே, 1888-இல், அவர் இன்னொன்றைக் காட்டினார். மூளையிலிருந்து நெஞ்சு வழியாக வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் கணையம் சுரக்கிறது. அதாவது, சுரக்கச் சொல்லும் கட்டளை நரம்பு வழியாக வருகிறது. செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அட்ரோபின் அந்த வகை நரம்பின் முனையில் கட்டளை போய்ச் சேராமல் தடுக்கும் மருந்து. நம் ஊர் வேலி ஓரத்து ஊமத்தையிலும் இதே குடும்பத்து நஞ்சுகள்தான் இருக்கின்றன. ஊமத்தங்காயைத் தின்ற பிள்ளைகளுக்கு வாய் வறண்டு, கண் பாப்பா விரிந்து, பிதற்றல் வருவது அதனால்தான்.

கணக்கு நேராகத் தெரிகிறது, இல்லையா? கணையத்தைத் தின்பது அதன் நீர். நீரைச் சுரக்கச் சொல்வது நரம்பு. நரம்பை அடக்கினால் நீர் நிற்கும், கணையம் ஆறும். பரீட்சையில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் நானே முழு மார்க் போட்டிருப்பேன்.

ஆனால் உடம்பு ஒரே வழியை நம்பி இருப்பதில்லை. 1902-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்று இருவர் ஒரு சோதனை செய்தார்கள். (ஸ்டார்லிங்கின் தங்கையைக் கட்டியவர் பெய்லிஸ். மாமன் மச்சான் சேர்ந்து உருப்படியாக ஒரு காரியம் செய்ததற்கு இது ஒரு உதாரணம்.) மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டார்கள். ரத்தக்குழாய் மட்டும்தான் மிச்சம். அந்தத் துண்டுக்குள் அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லை, கட்டளை போக வழியில்லை. ஆனாலும் கணையம் சுரந்தது! குடல் சுவரிலிருந்து ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் கலந்து கணையத்துக்குப் போய்ச் செய்தி சொல்லியிருக்கிறது. அதற்கு செக்ரெடின் என்று பெயர் வைத்தார்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லே அதற்கு 3 வருடம் கழித்து ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான்.

தபால்காரரைத் தெருமுனையில் நிறுத்திவைத்தாலும் செய்தி போனில் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பை மட்டும் தடுப்பது அப்படித்தான். போதாததற்கு, அழற்சி வந்த கணையம் ஏற்கெனவே சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும் என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. தவிர, ஆஸ்பத்திரிக்கு வரும் நேரத்தில் நொதிகள் உறை கழன்று வேலையை ஆரம்பித்திருக்கும். தீப்பிடித்த வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடுவது நல்லதுதான், ஆனால் எரிவது எரிந்துகொண்டுதானே இருக்கும்.

ஆபத்து இன்னொரு பக்கம். அட்ரோபின் கணையத்தை மட்டும் தேடிப்போய் அடக்காது. நாடித் துடிப்பு ஏறும். சிறுநீர் கட்டிக்கொள்ளும். குடல் அசைவு குறையும். கணைய அழற்சியிலேயே துடிப்பு ஏறியும், குடல் மந்தமாகி வயிறு உப்பியும்தான் இருக்கும். நோய் முற்றுகிறதா, மருந்தின் விளைவா என்று டாக்டரால் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

இதெல்லாம் வாதம்தானே, நேரில் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். 1979-இல் அமெரிக்காவில் கேமரன் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும் அட்ரோபின் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். மருந்தால் பலன் எதுவும் தெரியவில்லை. அந்தப் பத்தாண்டு முழுக்கக் கணையத்துக்கு 'ஓய்வு' கொடுக்கும் வழிகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. சுரப்பைக் குறைக்கும் என்று நம்பி குளுகான் கொடுத்துப் பார்த்தார்கள். நொதிகளை முடக்கும் என்று அப்ரோட்டினின் கொடுத்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த ஆய்வு 1977-இல் வந்தது. இரண்டும் உயிரைக் காப்பாற்றவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை உறிஞ்சி எடுத்தார்கள். லேசான நோயில் அதனாலும் பயனில்லை என்று தெரிந்தது.

எல்லாவற்றையும்விட நீண்ட நாள் ஆண்ட நம்பிக்கை பட்டினி. நாள்கணக்கில் வாயில் ஒன்றும் கொடுக்கக்கூடாது. இப்போது அதுவும் தலைகீழ். லேசான அழற்சியில், வாந்தி இல்லாமல் ஏற்றுக்கொண்டால், 24 மணி நேரத்துக்குள்ளேயே வாய்வழி உணவு ஆரம்பிக்கலாம் என்கின்றன இன்றைய வழிகாட்டுதல்கள். பட்டினி போட்டால் குடல் சுவர் பலவீனமாகி, குடல் கிருமிகள் வெளியேற வழி கிடைக்கிறது என்பது காரணம். டாக்டர் இட்லி கொடுக்கச் சொல்லியும், 'பாவம், வயிறு புண்ணா இருக்கு' என்று கொடுக்காமல் இருக்கும் பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கொடுங்கள். அதேபோல் டாக்டர் வேண்டாம் என்றால், டிபன் பாக்ஸை ஒளித்து எடுத்துப் போகாதீர்கள்.

இங்கே ஒன்று சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். அட்ரோபினே மோசமான மருந்து என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயிருக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால், நரம்பு முனையில் கட்டளை நிற்காமல் பெருக்கெடுக்கும். வாயில் நுரை, வியர்வை, மூச்சு முட்டல். அங்கே அட்ரோபின் உயிர் காக்கும் மருந்து. எத்தனையோ விவசாயக் குடும்பங்களுக்கு இது தெரியும். அந்த விஷம் சிலருக்குக் கணைய அழற்சியையும் கொண்டுவரும் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே நரம்பின் மிகைக் கட்டளைதான் வில்லன், ஆகவே அதைத் தடுப்பது பொருந்துகிறது. பித்தக்கல்லால் வந்த அழற்சியில் வில்லன் வேறு.

வீட்டுக்கு வீடு நடக்கிற ஒரு விஷயமும் இதோடு சேர்ந்தது. வயிற்றுவலி என்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைசைக்ளோமின் மாத்திரை இருக்கிறதே, அது அட்ரோபினின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. சூட்டு வலி, பிடிப்பு வலிக்கு நல்லது. மேல்வயிற்று வலி முதுகுக்கு ஊடுருவி வாந்தியும் இருக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு ஒரு ராத்திரி காத்திருந்தால், சலைன் ஏற்ற வேண்டிய மதிப்புள்ள முதல் மணிநேரங்கள் போய்விடும்.

பெரியப்பா 'சும்மா பாட்டில் ஏத்தறாங்க' என்றாரே, அந்தப் பாட்டில்தான் மருந்து. அழற்சியில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தேங்கிவிடும். ரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீரகம் முதலில் அடிவாங்கும். அந்த நீரை ஈடுகட்டுவதுதான் பாட்டில். அதிலும் அளவு உண்டு. 2022-இல் இந்தியா, ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டன. வேகமாக நிறைய ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் மிகுந்து சிக்கல் வந்தது. அளவாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம்தான். நிறைய ஏற்றியதால் நோய் குறைந்ததாகவும் தெரியவில்லை. ஆகவே பக்கத்து பெட்காரருக்கு ஆறு பாட்டில், நமக்கு நாலுதானா என்று நர்ஸிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஐந்து பேரில் நான்கு பேருக்கு இந்த நோய் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும் வகை. மீதி ஒருவருக்குத்தான் ஐசியூ, உறுப்புச் செயலிழப்பு என்று போகும். யார் அந்த ஒருவர் என்று முதல் இரண்டு நாள் கவனித்துக்கொண்டே இருப்பதுதான் டாக்டர் வேலை.

டாக்டரிடம் கேட்க வேண்டுமானால் இதைக் கேளுங்கள்: காரணம் என்ன? பித்தக்கல் என்றால் ஆபரேஷன் எப்போது? லேசான அழற்சியாக இருந்தால் அதே முறை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது. 2015-இல் நெதர்லாந்து ஆய்வில், வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு வருகிறேன் என்றவர்களில் 17 சதவீதம் பேருக்குப் பித்தக்கல் சிக்கல் திரும்ப வந்தது. அப்போதே எடுத்துக்கொண்டவர்களில் 5 சதவீதம். நம் ஆட்கள் ஆடி கழியட்டும், தைக்குப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். கல்லுக்கு ஆடியும் தெரியாது, தையும் தெரியாது.

சரி, என் அக்கா மகன் கதை. அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். "போடுங்க சித்தி, எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்" என்றான்.

முதல் தடவை வலி வந்தபோது அவனுக்கு 27 வயது. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஸ்கேனில் கணையக் குழாய் முழுக்கக் கற்கள். கணையம் என்றதுமே நம் உறவுகளில் சிலர் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "தெரியாம குடிச்சிருப்பான்." பேசி முடித்திருந்த சம்பந்தம் ஒன்று அதனாலேயே கலைந்தது. அக்கா ஒரு வருடம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

குடிக்காதவர்களுக்கு, அதுவும் இளம் வயதில், கணையத்தில் கல் விழும் நோய் தென்னிந்தியாவில் வெகுகாலமாகத் தெரிந்த ஒன்று. 1959-இல் சைடெமா என்பவர் இந்தோனேசியாவில் ஏழை நோயாளிகளிடம் இதைப் பார்த்து எழுதினார். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்து விரிவாக எழுதினார். நம் சென்னையில் டாக்டர் வி. மோகன் போன்றவர்கள், இதனால் வரும் சர்க்கரை நோயைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். முதலில் மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று சந்தேகப்பட்டார்கள். மரவள்ளியே சாப்பிடாதவர்களுக்கும் வருகிறது என்றதும் அந்தச் சந்தேகம் பலவீனமானது. 2000-க்குப் பிறகு ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தினர் உள்ளிட்டோர், ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் இருப்பதைக் கண்டார்கள். உறை கழன்ற கத்தியைப் பிடித்து நிறுத்துகிற காவல்காரன் அந்த மரபணு. பிறவியிலேயே காவல் கொஞ்சம் பலவீனம். இதில் குடி எங்கே வந்தது? பேசியவர்களும் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அவனுக்குக் கற்களை அதிர்வலையால் உடைத்துக் குழாயைச் சுத்தம் செய்தார்கள். ஆறு மாதம் நிம்மதி. பிறகு கல் இல்லாமலேயே வலி திரும்பியது. குழாய் சுத்தமாக இருக்கிறது, பிறகு ஏன் வலிக்கிறது? அங்கே இருந்த ஒரு இளம் பெண் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். வகுப்பெடுக்கப் பிறந்தவர் அவர். கணையத்துக்கு இரண்டு விதப் போக்குவரத்து. ஒன்று, மேலிருந்து கட்டளை கொண்டுவரும் நரம்பு. இன்னொன்று, அங்கிருந்து வலியை மேலே கொண்டுபோகும் நரம்பு. முதலாவதைத் தடுத்து நோயை ஆற்றும் முயற்சிதான் தோற்றது. இரண்டாவதைத் தடுப்பது நோயை ஆற்றாது, ஆனால் வலியைக் குறைக்கலாம். வருடக்கணக்கில் வலி போய்க்கொண்டே இருந்தால் அந்த நரம்பும், தண்டுவடமும், மூளையும் வலிக்கே பழகிப்போய், காரணம் நீங்கிய பிறகும் வலியைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வலி நரம்புகள் இரைப்பைக்குப் பின்னால், பெரிய தமனியின் முன்பக்கம் ஒரு முடிச்சாகக் கூடுகின்றன. எண்டோஸ்கோப் வழியாக அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே அங்கே மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் செலுத்துவார்கள். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: 90 பேரிடம் செய்த ஒரு ஆய்வில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு முதலில் வலி குறைந்தது. 24 வாரத்துக்குப் பிறகும் பலன் நின்றது 10 சதவீதம் பேருக்குத்தான். ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கலாம், சில நாள் வயிறு போகலாம். இதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் சம்மதித்தான். இரண்டரை மாதம் வலியில்லாமல் இருந்தான். அந்த இரண்டரை மாதத்தில் 5 கிலோ ஏறினான், விட்டுப்போன வேலைக்கு மறுபடி போனான். நிரந்தரம் இல்லை என்று தெரிந்தே வாங்கிக்கொண்ட நிம்மதி. வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது அவன் சாப்பிடுவது பிரிகாபலின். வலிப்புக்கும், சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கும் கொடுக்கிற நரம்பு மாத்திரைதான். 2011-இல் டென்மார்க் குழுவினர் 64 கணைய நோயாளிகளிடம் 3 வாரம் கொடுத்து, போலி மாத்திரையைவிட வலி குறைவதைக் காட்டினார்கள். 2016-இல் ஹைதராபாத் ஏஐஜி மருத்துவமனையினர் குழாய் சுத்தம் செய்த பிறகும் வலி திரும்பியவர்களுக்கு, அதாவது அச்சு அசலாக இவன் மாதிரி ஆட்களுக்கு, ஆன்டிஆக்சிடன்ட்டுடன் சேர்த்துக் கொடுத்துப் பலன் கண்டார்கள். இதோடு சாப்பாட்டின்போது நொதி மாத்திரை. அது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ இல்லை, சாப்பிடும்போதே. சர்க்கரை அளவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்.

வலி அடியோடு போகவில்லை. மாதத்தில் நான்கைந்து நாள் என்றிருந்தது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகியிருக்கிறது. பிரிகாபலின் தூக்கம் கொடுக்கும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவன் கேட்கிற ஆள் இல்லை. அக்கா பைக் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். பதினைந்து நாளும் மதுரவாயல் வரை பஸ்ஸில்தான் போய்வந்தான்.